இடமாற்றம் தண்டனை அன்றாம்!

"சேவையின் தேவை கருதி." மூன்றே சொற்கள். பத்தாண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்து வருபவன் என்ற முறையிற் சொல்கிறேன்: இலக்கணப் பிழை ஒன்றுமின்றி இத்துணை நேர்த்தியாகப் பொய் சொல்லும் வேறொரு தொடரை நான் கண்டதில்லை. அத்தொடரில் எழுவாய் இல்லை. தேவை யாருடையது என்று கேட்டால் சேவையினுடையது என்கிறது. சேவை என்பவர் யார் என்று கேட்டால் கடிதம் வாய் மூடிக்கொள்கிறது. அடியிலே ஒப்பம் உண்டு. ஒப்பமிட்டவரோ தாம் மேலிடத்துப் பணிப்பின் பேரிலேயே இட்டதாகச் சொல்லுவார். மேலிடம் யார்? அதுவும் சேவையே.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில், தாயுடனும் ஆறு வயது மகளுடனும் வாடகைக்கு இருந்த என் உடனாசிரியை ஒருவருக்கு இத்தகைய கடிதம் ஒன்று வந்தது. கணித ஆசிரியை. அவருடைய பெயரையோ பாடசாலையின் பெயரையோ நான் இங்கு எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த கடிதமும் அவருக்கே போய்ச் சேரும். அவர் செய்த குற்றம் இதுதான். பெற்றோரிடமிருந்து வசதிக் கட்டணம் என்றும் கட்டட நிதி என்றும் வாங்கிய பணத்திற் சிலவற்றுக்குப் பற்றுச்சீட்டு இல்லை என்பதையும், பற்றுச்சீட்டு உள்ளவற்றின் தொகைக்கும் புத்தகத்தில் ஏறிய தொகைக்கும் பொருத்தம் இல்லை என்பதையும் அவர் கண்டார். கணித ஆசிரியை அல்லவா, கூட்டிப் பார்க்கத் தெரிந்திருந்தது. முதலில் அதிபரிடம் போய்க் கேட்டார். "டீச்சர், உங்கட பாடத்தைப் பாருங்கோ" என்று பதில் கிடைத்தது. பின்னர் மேலதிகாரிகளுக்கு எழுதினார். மொட்டைக் கடிதம் அன்று, பெயரிட்டு, ஒப்பமிட்டு, பதிவுத் தபாலில். ஏழாம் வாரம் பதில் வந்தது. முறைப்பாட்டுக்கு அன்று, முறையிட்டவருக்கு. வவுனியாவுக்கு அப்பால், நாளொன்றுக்கு இருமுறை பஸ் வந்து போகும் ஓர் ஊரில், இரு வாரத்துள் பொறுப்பேற்க வேண்டும் என்று.

அவருக்காக ஆசிரியர் அறையில் ஒரு மனு எழுதினோம். நாற்பத்திரண்டு பேர் கடமையாற்றும் பாடசாலையில் ஒன்பது பேர் ஒப்பமிட்டனர். நானும் இட்டேன் என்று மார் தட்ட வழியில்லை. இரண்டு நாள் யோசித்த பின்னரே இட்டேன். ஒன்பதாவது பெயர் என்னுடையது. ஏனையோரைக் கோழைகள் என்று ஏசவும் எனக்கு மனமில்லை. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தின் பின் நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர் ஒரே வீச்சில் தெருவிலே விடப்பட்டதைத் தம் தந்தையர் வாயிலாகக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அச்சம் என்பதும் ஒரு பரம்பரைச் சொத்துத்தான்.

இந்த விவகாரத்தைப் பற்றிக் கல்விக் கந்தோரில் உத்தியோகம் பார்க்கும் நண்பர் ஒருவரிடம் பேசியபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இடமாற்றம் தண்டனை அல்லவே. சம்பளம் குறைந்ததா? பதவி போனதா? தீவில் எங்கும் சேவையாற்றுவேன் என்று அன்று எழுதிக்கொடுத்துத்தானே வந்தீர்கள்?" நண்பர் தீயவர் அல்லர். அவர் சொன்னதே கந்தோர்களின் வேதவாக்கு. இக்கட்டுரை அந்த வேதவாக்குக்கு எதிராகவே எழுதப்படுகிறது.

முதலில் அவர்களுடைய விதிகளையே எடுத்துக்கொள்வோம். அரசாங்க சேவை ஆணைக்குழு 2009இல் வர்த்தமானியில் வெளியிட்ட நடைமுறை விதிகள் இடமாற்றத்தை வகை பிரிக்கின்றன. ஆண்டுதோறும் நடைபெறும் இடமாற்றம் ஒன்று. சேவைத் தேவையின் பொருட்டான இடமாற்றம் ஒன்று. ஒழுக்காற்றுக் காரணத்தின் பேரிலான இடமாற்றம் ஒன்று. உத்தியோகத்தர் தாமே கேட்டு, ஒருவரோடொருவர் மாறிக்கொள்வது இன்னொன்று. இப்பிரிவினையை ஒரு முறைக்கு இருமுறை வாசித்துப் பாருங்கள். ஒழுக்காற்று இடமாற்றம் என்று ஒரு வகை தனியே இருக்கிறது. அதாவது இடமாற்றம் தண்டனையாகவும் அமையலாம் என்பதை விதியே ஒப்புக்கொண்டிருக்கிறது! அப்படியிருக்க, "இடமாற்றம் தண்டனை அன்று" என்று கந்தோர் ஓதுவது ஏன்? காரணம் எளிது. தண்டனை என்று பெயரிட்டால் குற்றம் என்ன என்று எழுத வேண்டும். குற்றம் எழுதினால் விளக்கம் கேட்க வேண்டும். விளக்கம் வந்தால் விசாரணை நடத்த வேண்டும். விசாரணை நடந்தால் அந்த ஆசிரியை பற்றுச்சீட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைத்து விடுவார். ஆகவே பெயரை மாற்றிவிட்டால் போதும். சேவைத் தேவை என்ற வாசலுக்குக் காவலாளி இல்லை. எவரை வேண்டுமானாலும் அவ்வழியே வெளியே அனுப்பலாம்.

மனுநீதிச் சோழனின் கதையை ஆறாம் வகுப்பில் நான் ஆண்டுதோறும் சொல்கிறேன். ஆராய்ச்சி மணியைப் பசு அடித்தது. அரசன் வெளியே வந்தான். மணியை அடித்த பசுவை, சேவையின் தேவை கருதி, வேறொரு நாட்டுக்கு ஓட்டிவிட்டதாக எந்தப் புராணத்திலும் இல்லை. நம்முடைய திணைக்களங்களிலும் ஆராய்ச்சி மணி இருக்கிறது. முறைப்பாட்டுப் பெட்டி என்று பெயர் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். யார் அடித்தது என்று அறிவதற்காகவே அது தொங்குகிறதோ என்று இப்பொழுது எனக்கு ஐயமாக இருக்கிறது.

இது ஒரு பாடசாலையின் சில்லறைச் சங்கதி என்று வாசகர் எண்ணிவிடக் கூடாது. இதே மூன்று சொற்கள் இந்நாட்டின் மிகக் கொடிய குற்றம் ஒன்றன் விசாரணையையும் வந்து தொட்டன. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

2008, 2009ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பதினொரு பேர் கடத்தப்பட்டுக் காணாமற் போயினர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழர்; முஸ்லிம்களும் இருந்தனர். ஐந்து மாணவர்கள் 2008 செப்டெம்பரில் ஒரே இரவில் தெகிவளையிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்கள். கப்பம் பறிப்பதற்காகக் கடற்படையினர் சிலரே இக்கடத்தல்களைச் செய்தனர் என்பதும், பிடிபட்டோர் கொழும்பிலும் திருகோணமலையிலும் கடற்படை முகாம்களில் வைக்கப்பட்டனர் என்பதும் விசாரணையாளர் நீதிமன்றத்தில் வைத்த குற்றச்சாட்டு. கொட்டாஞ்சேனையில் இந்தக் கதையை அறியாத தெரு இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் மெழுகுதிரி ஏற்றும் தாய்மாரைப் பார்க்குந்தோறும் எனக்கு அந்தப் பதினொரு வீடுகளும் நினைவுக்கு வரும்.

விசாரணையை நடத்தியவர்கள் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினர். அதில் முன்னின்றவர் பொலிஸ் பரிசோதகர் நிசாந்த சில்வா; அவருக்கு மேலே பணிப்பாளராக இருந்தவர் சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் சானி அபேசேகர. வழக்கின் முதன்மைச் சந்தேக நபரான கடற்படை அதிகாரி ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டு, முப்படைகளுக்கும் தலைவராக, பாதுகாப்புப் படைகளின் பிரதானியாக அப்போதிருந்த அட்மிரல் ரவீந்திர விஜேகுணரத்ன மேல் எழுந்தது. அதனைச் சொல்ல ஒரு பொலிஸ் பரிசோதகருக்கு எவ்வளவு முதுகெலும்பு வேண்டும் என்பதை உத்தியோக ஏணியை அறிந்தவர்கள் அறிவர். 2018 நவம்பர் மாதம் கோட்டை நீதவான் நீதிமன்றம் பிரதானியைக் கைதுசெய்யுமாறு பணித்தது. அதே மாதத்தில் நிசாந்த சில்வாவுக்குக் கடிதம் வந்தது. நீர்கொழும்புக்கு இடமாற்றம்.

நாடு அப்போது பிரதமர் யார் என்றே தெரியாமல் தத்தளித்துக்கொண்டிருந்த காலம். அந்தப் பரிசோதகருக்கு விடுதலைப் புலிகளோடு தொடர்பு உண்டு என்று மேலிடத்தில் முறையிடப்பட்டதாகச் செய்திகள் வந்தன. சிங்கள அதிகாரி ஒருவர் தமிழ்ப் பிள்ளைகளுக்காக நேர்மையாக ஒரு கோப்பைத் திறந்தாலும் அவரும் புலியாகிவிடும் அதிசயத்தைக் கவனியுங்கள்! ஆயினும் அன்று ஒரு நன்மை நடந்தது. பத்திரிகைகள் கூச்சலிட்டன, தேசிய பொலிஸ் ஆணைக்குழு விளக்கம் கேட்டது, இரண்டு மூன்று நாட்களுக்குள் இடமாற்றம் கைவிடப்பட்டது. அம்மாத இறுதியில் பிரதானி நீதிமன்றில் தோன்றியபோது விளக்கமறியலில் வைக்கப்பட்டு, சில நாட்களின் பின் பிணையிற் சென்றார். கேள்வி கேட்க ஒருவர் இருந்தால் சேவைத் தேவை எவ்வளவு விரைவில் தீர்ந்துபோகிறது பார்த்தீர்களா?

மறு ஆண்டு கதை வேறு. 2019 நவம்பர் 16ஆம் நாள் தேர்தல். கோத்தாபய ராஜபக்ஷ சனாதிபதியானார். பதவியேற்று ஒரு வாரம் ஆகுமுன் சானி அபேசேகர காலிக்கு அனுப்பப்பட்டார். காலி பாலைவனம் அன்று, அழகிய பட்டினம். தண்டனை ஊரில் இல்லை, கதிரையில் இருந்தது. லசந்த விக்கிரமதுங்க கொலை, பிரகீத் எக்னெலிகொட காணாமலாக்கப்பட்டமை, இந்தப் பதினொரு பேர் விவகாரம் முதலிய வழக்குகளையெல்லாம் புலனாய்ந்த திணைக்களத்தின் பணிப்பாளர், பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவரின் தனி உதவியாளராக்கப்பட்டார். சம்பளம் குறைந்ததா என்று என் கந்தோர் நண்பர் கேட்கக்கூடும். குறைந்திராது. ஆகவே தண்டனை அன்று! இந்த முறை பொலிஸ் ஆணைக்குழுவின் ஒப்புதலும் பெறப்பட்டதாகவே செய்தித்தாள்கள் எழுதின. சென்ற ஆண்டு கேள்வி கேட்ட அதே வாசல், இவ்வாண்டு தலையசைத்தது. நிறுவனம் ஒன்று இருப்பது வேறு, அதற்கு நெஞ்சுரம் இருப்பது வேறு.

மூன்றாம் நாள், 24ஆம் தேதி, நிசாந்த சில்வா குடும்பத்தோடு சுவிற்சர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். அதன் பின் திணைக்களத்தைச் சேர்ந்த 704 பேரின் பெயர்ப்பட்டியல், அனுமதியின்றி நாட்டை விட்டுச் செல்லலாகாது என்று விமான நிலையத்துக்கு அனுப்பப்பட்டது. அபேசேகர 2020 ஜனவரியில் பதவி இடைநிறுத்தப்பட்டார். ஜூலை 31ஆம் நாள் கைதானார். சிறையிற் கொரோனா நோய் கண்டார். 2021 ஜூன் மாதம் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிணை வழங்கும்வரை ஏறத்தாழ ஓராண்டு உள்ளே கிடந்தார். காலிக்குப் போன ஒரு கடிதத்தின் வால் எவ்வளவு நீளம் என்று அளந்து பாருங்கள்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லாமல் விட இயலாது. 2020 ஜனவரியில் அரசியல் பழிவாங்கல் பற்றி விசாரிக்க ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. பழிவாங்கப்பட்டோர் யார் என்று அது தேடியபோது புலனாய்வு செய்தவர்கள் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை, புலனாயப்பட்டவர்களே தெரிந்தனர். பதினொரு பேர் வழக்கைத் தொடர வேண்டாம் என்று சட்டமா அதிபருக்கே அது கட்டளையிட்டது. அக்கட்டளையிட அதற்கு அதிகாரமில்லை என்று சட்டமா அதிபர் மறுத்துவிட்டார். ஆனால் 2021இல், அப்பதவிக்கு வேறொருவர் வந்திருந்த நிலையில், முன்னாட் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொடவுக்கு எதிரான வழக்கைத் தொடர்வதில்லை என்று சட்டமா அதிபர் திணைக்களம் தீர்மானித்தது. அவ்வாண்டு டிசெம்பரில் அவர் வடமேல் மாகாண ஆளுநரானார். கேள்வி கேட்டவருக்குக் காலியும் சிறையும்; கேள்விக்கு ஆளானவருக்கு ஆளுநர் மாளிகை.

2025இல் சானி அபேசேகர மீண்டும் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளராக நியமிக்கப்பட்டார் என்பது உண்மை. மகிழ்ச்சியே. ஆனால் ஆட்சி மாறினால் திரும்பி வரலாம் என்பது உரிமை அன்று, அதிர்ஷ்டம். என் கணித ஆசிரியைக்காக எந்த ஆட்சியும் மாறப்போவதில்லை.

வெள்ளவத்தைச் சந்தைக்கு அருகே தேநீர்க் கடையொன்றில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. பக்கத்தில் இருந்த ஒருவர், படித்தவர், "மாஸ்டர், அது அவங்கட சண்டை. சிங்களப் பொலிஸ்காரரை எங்க மாத்தினா எங்களுக்கென்ன?" என்றார். நம்மவருள் பலரது மனத்தில் உள்ளதைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார். அவர் சொல்லில் நியாயமே இல்லை என்றும் நான் கூறவில்லை. அந்தச் சீருடை இந்த ஒழுங்கைகளில் என்ன செய்தது என்பதை 1983இலும் அதன் பின்னரும் கண்டவர்கள் இங்கே வாழ்கிறார்கள். ஆனால் கணக்கைச் சரியாகப் போடுவோம். பதினொரு பேரின் கோப்பை யார் திறந்தார்? நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் உரை நிகழ்த்தினார்கள். தாய்மார் ஆட்கொணர்வு மனுவோடு அலைந்தார்கள். ஆனால் முகாமின் வாசலுக்குச் சென்று பதிவேட்டைக் கொண்டுவா என்று கேட்கும் அதிகாரம் சட்டப்படி அந்த உத்தியோகத்தரிடமே இருந்தது. அவர் நீர்கொழும்புக்கு மாற்றப்பட்டால் அவருக்கு இருபத்து மூன்று மைல் தூரம். கொட்டாஞ்சேனைத் தாய்க்கோ நீதி இன்னும் பத்தாண்டு தூரம். அவருடைய உத்தியோக உரிமையும் இவளுடைய நீதியும் ஒரே முடிச்சில் கிடக்கின்றன. அவனுடைய சண்டை, என்னுடைய சண்டை என்று இனம் பார்த்துப் பிரித்துவிட்டால் இலாபம் அட்மிரல்களுக்கே.

தமிழர் ஆளும் இடத்தில் நிலைமை வேறா என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டைக் காட்டுகிறேன். 2012 மே மாதத்தில் மதுரை மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் கிரானைட் குவாரிகளின் கொள்ளை பற்றி அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். அறிக்கையின் மை உலருமுன், அதே மாதத்தில், கைத்தறித் துணி விற்கும் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார். மலையை விழுங்குவோரைப் பற்றி எழுதியவர் சேலை விற்கப் போனார். அதையும் அவர் நன்றாகவே செய்தார் என்பது வேறு கதை. இரண்டாண்டுகளின் பின் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே அழைத்துக் குவாரிகளை விசாரிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. வடக்கே ஹரியானாவில் அசோக் கெம்கா என்பவர் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடமாற்றங்களைக் கண்டு 2025இல் ஓய்வு பெற்றார். இந்தியப் பாராளுமன்றம் 2014இல் முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்க ஒரு சட்டம் இயற்றியது. இயற்றிவிட்டு நடைமுறைக்குக் கொண்டுவராமல் வைத்துக்கொண்டது. கொடியும் மொழியும் மாறினாலும் கந்தோர் ஒன்றுதான்.

கந்தோர் நண்பரின் தரப்பில் ஒரு நியாயமான வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையன்று. முறைப்பாடு எழுதியவரை அசைக்கவே கூடாது என்றால், நாளைக்கு இடமாற்றப் பட்டியலில் பெயர் வரக்கூடும் என்று அஞ்சும் ஒவ்வொருவரும் இன்றைக்கே ஒரு முறைப்பாட்டை எழுதிவிட மாட்டாரா? எழுதுவார். ஆசிரியர் சமுதாயத்தை நான் அறிவேன், எழுதுவோர் இருக்கிறார்கள். கொழும்பிலேயே இருபது ஆண்டு வேரூன்றி, கிராமத்துப் பாடசாலையின் பெயரைக் கேட்டாலே இரத்த அழுத்தச் சான்றிதழ் எடுப்போரும் நம்மிடையே உண்டு. அதற்குத் தீர்வு முறையிட்டவரை நாடுகடத்துவது அன்று. யார்மேல் நிரூபிக்கும் பாரம் கிடக்கிறது என்பதை மாற்றுவதே. 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்கு இட்ட பணிப்புரை இதைத்தான் செய்தது. பழிவாங்கலின் வடிவங்களை அது பெயர் சொல்லி எழுதுகிறது. கடமையை மாற்றுதல், வேலைத்தலத்தை மாற்றுதல் என்பன அப்பட்டியலில் வெளிப்படையாகவே உள்ளன. முறையிட்டவருக்குப் பின்னர் தீங்கு நேர்ந்தால், அது முறைப்பாட்டின் விளைவன்று என்று காட்டவேண்டியவர் மாற்றிய அதிகாரி. எவ்வளவு எளிய ஏற்பாடு! உண்மையிலேயே வவுனியாவில் கணித ஆசிரியர் வெற்றிடம் இருந்தது, உண்மையிலேயே சேவைக்கால வரிசையில் அவரே முதலில் நின்றார் என்றால், இரண்டு தாள்களில் அதைக் காட்டிவிடலாமே. காட்ட முடியாதவர்களுக்குத்தான் அந்த மூன்று சொற்கள் வேண்டியிருக்கின்றன.

நம் நாட்டிலும் ஏட்டிலே சட்டம் இல்லாமலில்லை. ஊழலுக்கெதிரான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2004இலேயே ஏற்றுக்கொண்டது. முறைகேட்டை அறிவிப்போரைக் காக்க வேண்டும் என்று அதன் 33ஆம் உறுப்புரை கேட்கிறது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தகவல் தருவோருக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. ஆனால் அந்தச் சட்டத்துக்கு ஓராண்டு முன்னர், 2022 செப்டெம்பரில், அரச உத்தியோகத்தர் சமூக ஊடகங்களிற் கருத்து எழுதினால் ஒழுக்காற்று நடவடிக்கை என்று வந்த சுற்றறிக்கையை எங்கள் ஆசிரியர் அறையில் அனைவரும் அறிவர். சட்டத்தை அறிந்தவர் ஒருவரும் இல்லர். வாய்ப்பூட்டுச் சுவரிலே ஒட்டப்படுகிறது. திறவுகோல் வர்த்தமானியிலே கிடக்கிறது.

அந்தத் திறவுகோலைப் பற்றிச் சிறிது சொல்லத்தான் வேண்டும். இது வழக்கறிஞர் வேலை என்று ஒதுங்கியதால்தான் நாம் அந்தக் கணித ஆசிரியைக்கு உதவத் தவறினோம். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின்முன் யாவரும் சமம் என்கிறது. அரச நிறுவனம் ஒன்று எதேச்சையாகவோ தீய நோக்கத்தோடோ ஒருவரை மாற்றினால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். ஒரே மாதம்! பெட்டி கட்டவும், பிள்ளைக்குப் புதிய பாடசாலை தேடவும், வீட்டுக்காரரிடம் முற்பணத்தைத் திரும்ப வாங்கவுமே அந்த மாதம் போதாது. இன்னொரு பக்கம், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, ஒருவரைப் பாதிக்கும் தீர்மானத்தை எடுத்த உத்தியோகத்தர், கேட்டால் அதற்குரிய காரணத்தை வெளியிட வேண்டும் என்கிறது. எழுவாய் இல்லாத அந்தத் தொடருக்கு எழுவாய் கேட்கும் உரிமை இதுவே. நல்லது; கேட்போம். அச்சட்டப்படி விடை தருவதற்கு அவர்களுக்குப் பதினான்கு வேலை நாட்கள் உண்டு. சனி, ஞாயிறு, போயா கழித்தால் மூன்று வாரம். காரணம் கைக்கு வரும்போது வழக்குத் தொடரும் காலத்தில் மிஞ்சுவது ஒரு வாரம். மேல்முறையீடு எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கும் நல்ல உள்ளங்களுக்கு அந்த வாரமும் மிஞ்சாது. எங்கள் ஆசிரியையும் அவ்வாறே காத்திருந்தார். மேன்முறையீட்டுக்குப் பதில் வந்தது நான்காம் மாதத்தில்: "பரிசீலிக்கப்பட்டது, மாற்றமில்லை."

அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கிற் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. இதை அன்றே யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால்! நாற்பத்திரண்டு ஆசிரியர், ஆறு பட்டதாரிகள் சங்க உறுப்பினர்கள், ஒருவர் கிளைச் செயலாளர். ஒருவருக்கும் தெரியவில்லை. சம்பள உயர்வுச் சுற்றறிக்கையை இலக்கத்தோடு ஒப்பிக்கும் நாங்கள் இதை ஒரு நாளும் படித்ததில்லை.

சங்கங்களைப் பற்றிப் பேச வந்ததால் கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தண்டனை இடமாற்றம் என்று நாமே சில ஊர்களைப் பெயர் சொல்லி அழைக்கப் பழகிவிட்டோம். முல்லைத்தீவு தண்டனை, மொனறாகலை தண்டனை, மலையகத்தின் உச்சியிலுள்ள தோட்டப் பாடசாலை தண்டனை. அதிகாரி அப்படி எண்ணுவது இருக்கட்டும். முற்போக்குப் பேசும் நாமும் எதிர்ப்புக் கூட்டத்தில் அவ்வாறே முழங்குகிறோம். அந்த ஊர்ப் பிள்ளையின் காதில் இது எப்படி விழும் என்று நினைத்ததுண்டா? நகரத்தில் குற்றம் செய்தவர்களை அனுப்பி வைக்கும் கொட்டிலே தன் பாடசாலை என்றல்லவா அவன் விளங்கிக்கொள்வான்? கணித ஆசிரியை போன முதல் வாரம் எனக்கு எழுதினார். அங்கே அவரை வரவேற்ற அதிபர், நல்ல மனிதராம், தேநீர் கொடுத்துவிட்டுத் தணிந்த குரலிற் கேட்டாராம்: "பிள்ளை, நீங்கள் என்ன பிழை செய்தனீங்கள்?" அந்தப் பாடசாலைக்குக் கொழும்பிலிருந்து பிழை செய்யாத ஒருவர் வருவார் என்று அவரால் எண்ணவே முடியவில்லை.

மூன்றாண்டுகளாக அப்பாடசாலையில் கணிதத்துக்கு ஆள் இல்லை என்றும் அவர் எழுதியிருந்தார். ஆகவே அங்கு உண்மையாகவே ஒரு தேவை இருந்திருக்கிறது. அந்தத் தேவை மூன்றாண்டுகளாக எவர் கண்ணிலும் படவில்லை. பற்றுச்சீட்டுப் புத்தகம் திறக்கப்பட்ட ஏழாவது வாரத்தில் திடீரெனப் பட்டுவிட்டது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் மாலையில் மரத்தடியில் அமர்ந்து அவரிடம் கேத்திரகணிதம் கேட்கிறார்களாம். அவர் திரும்பி வரவேண்டும் என்று நான் இங்கே எழுதுகிறேன். அந்தப் பிள்ளைகள் வாசித்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற கூச்சமும் எனக்கு இல்லாமலில்லை. இருவருக்கும் அநீதி செய்தவர் இன்னும் அதே கதிரையில் இருக்கிறார். முறைப்பாடு பற்றி இன்றுவரை விசாரணை இல்லை.

வரும் மாதம் எங்கள் சங்கக் கிளையின் கூட்டம். மூன்று தீர்மானங்களை நான் முன்மொழியப்போகிறேன். மேலதிகாரி ஒருவரின் முறைகேட்டைப் பெயரிட்டு அறிவித்த எவரையும், இரண்டாண்டுக்குள் அவர் கேளாமல் மாற்றுவதாயின், மாற்றும் அதிகாரி காரணத்தை எழுத்தில் முதலில் தரவேண்டும் என்று ஆணைக்குழுவை வற்புறுத்துவது ஒன்று. அக்கடிதம் வந்த நாள் முதல் ஒரு மாதத்துள் மனு தயாரிக்க ஒரு வழக்கறிஞரையும் ஒரு நிதியையும் சங்கம் எப்போதும் ஆயத்தமாக வைத்திருப்பது மற்றொன்று. எங்கள் துண்டுப் பிரசுரங்களில் எந்த ஊரின் பெயரையும் தண்டனை என்ற சொல்லோடு சேர்த்து எழுதுவதில்லை என்பது மூன்றாவது. இரண்டாவதற்கு ஆளுக்கு மாதம் நூறு ரூபா செலவாகும் என்று எதிர்ப்பு வரும் எனத் தெரிகிறது. மூன்றாவதற்குச் சிரிப்பு வரும். முன்மொழிவின் அடியில் என் பெயரை இம்முறை முதலாவதாக எழுதியிருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.